எவர்சில்வர் டம்ளரும் ரிவால்வரும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ற இதழில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 66 ரிவால்வரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எவர்சில்வரில் செய்தது என்றீர்கள். எங்கள் வீட்டு டம்ளரும் அதுவும் ஒரே உலோகமா? சேகரிப்பவர்கள் அதில் அப்படி என்ன கண்டார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டம்ளரிலிருந்தே வருகிறேன். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து உங்கள் டம்ளரில் வைத்துப் பாருங்கள். நல்ல டம்ளர் என்றால் பெரும்பாலும் ஒட்டாது. அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 66-இல் வைத்தால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். அதில் நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். குரோமியமும் 12, 13 சதவீதம்தான். காரணம், அந்த எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க வேண்டும். டம்ளர் எஃகு அதற்கு ஒத்துவராது. 66-இல் போடும் 357 மேக்னம் என்ற வகைத் தோட்டா வெடிக்கும்போது, தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தம் எழும், அதைத் தாங்க வேண்டுமே. குரோமியம் குறைவு என்பதால் 66-ம் துருப்பிடிக்கும். உள்ளங்கை வியர்வையோடு உறையில் போட்டு மறந்துவிட்டால் மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளி விழும்.

ஆனாலும் பழைய நீலப் பூச்சு ரிவால்வர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 1955-இல் வந்த 19 என்ற மாடலைத்தான் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் இடுப்பில் கட்டியிருந்தார்கள். எல்லைக் காவலில் இருந்த பில் ஜோர்டான் கேட்டுக்கொண்டதால் உருவான துப்பாக்கி அது. மழை, வியர்வை, தோல் உறையின் உராய்வு என்று எல்லாம் சேர்ந்து நீலத்தைத் தேய்த்துவிடும். 1965-இல் அதே கம்பெனி ஐந்து தோட்டா போடும் சின்ன ரிவால்வர் ஒன்றை ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தது. மாடல் 60. தொடர் உற்பத்தியில் வந்த முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் அதுதான். 1970களின் தொடக்கத்தில் 19-ஐயும் அப்படியே ஸ்டெயின்லெஸ்ஸில் வார்த்தெடுத்தது போல 66 வந்தது.

நான் அதை முதலில் கையில் எடுத்தது 1994-இல். மாசசூசெட்ஸில், ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் மெஷின் ஷாப் ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இருந்தேன். கிரைண்டிங் பிரிவில் இருந்த ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, சிலிண்டரைத் திறந்து காலியாக இருப்பதைத் தானும் பார்த்து எனக்கும் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு கிலோ கனம்.

"இங்கே பார்" என்று நகத்தால் தொட்டுக் காட்டினார். குழல் துப்பாக்கியின் உடலான சட்டத்துக்குள் (ஃபிரேம்) நுழையும் இடத்துக்குச் சற்று மேலே, குண்டூசித் தலை போல ஒரு வட்டம். குழலைத் திருகி இறுக்கியபின் அது நகராதபடி குறுக்கே அடித்த சிறு ஆணி அது. அப்புறம் சிலிண்டரின் பின்பக்கம். ஆறு துளைகளின் வாயிலும் ஒரு படி வெட்டியிருந்தது. தோட்டாவின் அடி விளிம்பு அந்தப் படிக்குள் இறங்கி, சிலிண்டர் முகத்தோடு மட்டமாக உட்கார்ந்துவிடும். வெறும் தோட்டா உறை ஒன்றைப் போட்டுக் காட்டினார். விரலை ஓட்டினேன், தட்டவே இல்லை. தோட்டா உறைகள் பலவீனமாக இருந்த காலத்தில் தோன்றிய பழக்கம் அது. இன்றைய தோட்டாக்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் ஆறு துளைக்கும் ஆறு முறை உளி இறங்க வேண்டும் என்று தெரிந்த என் கண்ணுக்கு அது சாதாரண வேலையாகப் படவில்லை. 1982-இல் அந்த ஆணி, இந்தப் படி இரண்டையும் நிறுத்திவிட்டார்கள்.

சேகரிப்பவர்கள் தேடுவது அந்த 1982-க்கு முந்தையதைத்தான். அதிலும் 'நோ-டேஷ்' என்றால் தனி மதிப்பு. சிலிண்டரைத் திறந்தால் சட்டத்தில் மாடல் எண் பொறித்திருக்கும். வடிவமைப்பு மாறும்போதெல்லாம் 66-1, 66-2 என்று கோடு போட்டு எண் சேர்ப்பார்கள். கோடே இல்லாத வெறும் 66 தான் மூத்தது. அதிலும் முதல் சில ஆண்டுகளில் குறிபார்க்க உதவும் பின்பக்கத் தகடும் ஸ்டெயின்லெஸ்தான். வெயிலில் கண் கூசுகிறது என்று பின்னால் கறுப்பாக்கிவிட்டார்கள்.

கேள்வி: 'டபுள் ஆக்‌ஷன்' என்றால் இரண்டு முறை சுடுமா?
– வாசகர், கோவை

பதில்: இல்லை. ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னுக்கு ஏற்றுவது, விடுவிப்பது என்று இரண்டு வேலை நடக்கும். அதே இழுப்பில் சிலிண்டரும் ஒரு துளை சுற்றிப் பூட்டிக்கொள்ளும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழி, இன்னொரு கம்பெனியான கோல்ட்டின் ரிவால்வரில் வலஞ்சுழி. பழைய 66-இல் அந்த இழுப்பு கனமாக இருந்தாலும் எங்கும் திக்காது. நன்றாக எண்ணெய் போட்ட கிணற்று ராட்டினம் போல வரும்.

கேள்வி: சார், நியூஜெர்சியில் இருக்கிறேன். பென்சில்வேனியாக்காரர் ஒருவர் கண்ணாடி போல மின்னும் 'நோ-டேஷ்' 66 ஒன்றைக் காட்டுகிறார். விலை அதிகம். வாங்கலாமா?
– வாசகர், எடிசன்

பதில்: தம்பி, அந்த மினுக்குதான் எனக்குப் பிடிக்கவில்லை. 66 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மங்கலான பட்டுப் போன்ற பளபளப்போடுதான் வந்தது. கீறலை மறைக்க யாரோ பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தச் சபலம் எல்லோருக்கும் வரும், பூச்சு போய்விடும் என்ற பயம் இல்லையே. ஆனால் விளிம்புகள் உருண்டுவிடும், எழுத்து மழுங்கிவிடும். நானும் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோது குழலில் உள்ள எழுத்தின் ஓரங்கள் சோப்புக் கட்டியில் எழுதியது போல இருந்தன. இன்றும் வைத்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

நேரில் பார்த்தால், காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சிலிண்டரைத் திறந்து, சின்ன டார்ச்சால் குழலின் பின்வாயில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடிகாரத்தில் 6 இருக்குமே, அந்த இடம். சிலிண்டர் மூடுவதற்கு வழிவிட அங்கே உலோகத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 8 கிராம் எடைக் குண்டுள்ள வேகமான தோட்டாக்களை நிறையச் சுட்டவர்களின் துப்பாக்கியில் அங்கேதான் மயிரிழை விரிசல் விழும். அந்தத் தலைவலிக்குப் பிறகுதான் கம்பெனி சட்டத்தையே பெரிதாக்கி 686 என்ற மாடலைச் செய்தது. விரிசல் தெரிந்தால் பேசாமல் வந்துவிடுங்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் நேராகக் கைமாற்ற முடியாது. உங்கள் ஊர் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வர வேண்டும். உங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்தச் சீட்டை இந்த மினுக்கு 66-க்குச் செலவழிக்காதீர்கள். கீறல் நாலு இருந்தாலும் எழுத்து கூர்மையாக நிற்கும் ஒன்று கிடைக்கும்வரை பொறுங்கள்.