கொலராடோ எல்க் டேக்: கடையில் கிடைக்குமா?

டல்லாஸிலிருந்து செப்டம்பரில் கொலராடோ போய், குலுக்கலே இல்லாமல் கடையில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கான டேக், அதாவது உரிமச் சீட்டு, வாங்கி வில்லோடு இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலம் போய்விட்டது நண்பரே. 2025 முதல் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவருக்கு வில் டேக் குலுக்கலில்தான். அதே ஆண்டில் இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் சீசனுக்கு ஆண் எல்க் டேக் பல யூனிட்களில் (வேட்டைப் பகுதிகளில்) குலுக்கல் இல்லாமல் நேரடியாகக் கிடைத்தது. ஆகவே துப்பாக்கிக்கு மாறிவிடுங்கள்; பணம் கட்டும் முன் அந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை பாருங்கள். பல யூனிட்களில் ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை (கொம்பின் அடிப்பகுதியில் முளைப்பது) ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தூரத்தில் நின்று எண்ணுவது லேசில்லை, நல்ல பைனாகுலர் வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இறைச்சி. எலும்பை நீக்கினாலும் 80, 90 கிலோ தேறும். முதுகில் ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் நான்கு நடை, அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில். முதல் முறை போனபோது இரண்டாம் இரவே எனக்குத் தலை வெடித்தது; தண்ணீர் வடிகட்டி உறைந்து விரிசல் விட்டிருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே போய் உடம்பைப் பழக்குங்கள். வண்டியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போய்ச் சுடாதீர்கள்.