மெட்ஃபார்மினும் டீக்கடை டீயும்: யாங்கோன் சகோதரிக்குப் பதில்

சகோதரி, பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறுக்கு டாக்டர் தந்த மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டு வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் போடுவதுதான் பிரட்டலுக்குக் காரணமாக இருக்கும். இரவுச் சாப்பாட்டின் நடுவில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது அந்த டீ. கன்டென்ஸ்டு மில்க் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை. டீக்கடைக்காரர் ஒன்றோடு நிறுத்துகிறாரா என்ன? வெறும் வயிற்றில் அது இன்சுலினை ஏற்றும். இன்சுலின் ஏறினால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடும், கருமுட்டை வெளிவருவது தடைப்படும். தெருவில் காலையில் விற்கும் அவித்த பட்டாணி வாங்குங்கள்: பட்டாணி ஒரு கிண்ணம், நான் ரொட்டி பாதி, கூடவே ஒரு முட்டை. மீன் குழம்பு நூடுல்ஸான மொகிங்காவைக் கைவிட வேண்டாம், நூடுல்ஸைப் பாதியாக்கி முட்டை கேளுங்கள்.

இரவுச் சோறு முடிந்ததும் 15 நிமிடம் நடங்கள், படுக்கும் முன் அல்ல. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 தடவை, மூன்று சுற்று. எடை கூடியிருந்தால் 5 சதவீதம் குறைந்தாலே சுழற்சி சீராகத் தொடங்கலாம்.

90 நாள் தாண்டியும் மாதவிடாய் வரவில்லையென்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு டாக்டர். கருப்பை உள்வரி தடித்துக்கொண்டே போகவிடக் கூடாது. மாத்திரை நீண்ட நாள் தொடர்ந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.