நாயின் காலை எடுத்த பிறகு வரும் முதல் இரண்டு வாரங்கள்

கேள்வி: எங்கள் ராட்வைலர் ராக்கிக்கு எட்டு வயது, எடை 48 கிலோ. இடது முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே வீக்கம் வந்தது. எலும்புப் புற்றுநோய் என்று சொல்லி, தோள்பட்டையோடு சேர்த்துக் காலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. ராத்திரியெல்லாம் முனகுகிறான், மூச்சு வாங்குகிறது. எழுப்பினால் நாலு தத்தல் தத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறான். சாப்பாட்டிலும் நாட்டமில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று வீட்டில் எல்லாருக்கும் உறுத்துகிறது. அவனைத் தேற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அவசரப்படவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த உறுத்தலோடு இருந்தால் அவனைச் சரியாகக் கவனிக்க முடியாது. ஆஸ்டியோசார்கோமா என்கிற இந்தப் புற்றுநோய் எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். அரித்த எலும்பு, சும்மா நடக்கும்போதே உடைந்துவிடலாம். அந்த வலி சாதாரண வலி நிவாரணிக்குக் கட்டுப்படுவதில்லை. வலிக்கிற காலை எடுத்ததும் அந்த வலியின் மூலமே போய்விடுகிறது. இப்போது நீங்கள் பார்ப்பது அறுவை சிகிச்சையின் வலி. அது நாளுக்கு நாள் குறையும். புற்று வலி நாளுக்கு நாள் ஏறியிருக்கும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ராக்கி நொண்டியிருப்பான். அந்தக் காலில் எடையைப் போடாமல் மற்ற மூன்று கால்களில் நிற்கப் பழகியிருப்பான். அதனால்தான் நான்காவது நாளே நாலு தத்தல் தத்துகிறான். பெரும்பாலான நாய்கள் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் மூன்று காலில் வீடு முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு வாரங்களில் மட்டும் எதையும் தீர்மானமாக முடிவு கட்டாதீர்கள்.

சரி, ராத்திரி முனகலுக்கு வருவோம். இதைத்தான் நான் முதலில் தீர்ப்பேன். தூக்கமில்லாத நாய் சாப்பிடாது, சாப்பிடாத நாய் எழுந்து நிற்காது.

முனகலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, வலி. வலிக்கிற நாய் படுக்கத் தயங்கும், படுத்தாலும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், காயத்தின் பக்கம் கை கொண்டுபோனால் உடம்பை இறுக்கும். மாத்திரை கொடுத்த சில மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு, அடுத்த வேளை நெருங்கும்போது மறுபடி தொடங்கினால் அது வலியேதான். இரண்டாவது, மருந்தின் குழப்பம். மார்ஃபின் வகை மருந்துகளும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டையும் சில நாய்களைக் கிறுகிறுப்பாக்கி, ஒரே சுருதியில் முனக வைக்கும், மூச்சிரைக்க வைக்கும். கூப்பிட்டால் உங்களைத் தாண்டி எங்கோ பார்ப்பான். மருத்துவமனையில் என்ன மருந்து கொடுத்தார்கள், கடைசி வேளை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முனகும்போது செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டருக்குக் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் பல நாய்கள் பயத்தில் ஊமையாகிவிடும். நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்த வீடியோ நன்றாகப் புரிய வைக்கும்.

வலிதான் என்றால், பொறுத்துப் போகட்டும் என்று விடாதீர்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்தே வேலை செய்யும். கார்புரோஃபென் அல்லது மெலாக்சிகாம் போன்ற வீக்கம் குறைக்கும் மருந்து ஒன்று, நரம்பு வலிக்கு கபாபென்டின். கை கால் இழந்த மனிதர்களுக்கு வருகிற மாய வலி போல நாய்களுக்கும் வருவதாகத் தெரிகிறது. நன்றாகப் படுத்திருந்தவன் திடீரென்று ஒரு கத்துக் கத்தி, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பான். தோள் பக்கத்துத் தசை துடிக்கும். இதற்கு கபாபென்டின்தான் உதவும், அதையும் நேரம் தவறாமல் கொடுத்தால்தான். நன்றாகிவிட்டான் என்று சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் சில எச்சரிக்கைகள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ ஐபுப்ரோஃபெனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மெலாக்சிகாம் வகை மருந்தோடு இன்னொரு அதே வகை மருந்தையோ ஸ்டீராய்டையோ சேர்த்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். மனிதர்களுக்கான கபாபென்டின் சிரப்பில் சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி இருக்கலாம். நாய்க்கு அது விஷம். அதனால் மாத்திரையாகவோ கேப்ஸ்யூலாகவோ கொடுப்பதே பாதுகாப்பு. கறுப்பாகத் தார் போல மலம் போனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ வீக்கம் குறைக்கும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இந்த வாரம் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். லேசாகச் சூடு பண்ணி, வாசனை வரும்படி, கையால் ஊட்டுங்கள். வயிறு நிறைவதைவிடத் தண்ணீர் குடிப்பது முக்கியம். மூன்று நான்கு நாள் மலம் கழிக்காவிட்டாலும் பயமில்லை, வலி மருந்து குடலை மந்தமாக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, இரண்டு நாள் வாயில் எதுவுமே வைக்கவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள்.

அடுத்தது தரை. மருந்துக்கு அப்புறம் நான் கேட்கிற முதல் கேள்வியே, வீட்டில் என்ன தரை என்பதுதான். வழவழப்பான தரையில் மூன்று கால் நாய் ஒரு முறை வழுக்கி விழுந்தால், காயம் பிரிவது ஒரு பக்கம், அவன் நம்பிக்கை போய்விடுவது இன்னொரு பக்கம். அப்புறம் எழுந்திருக்கவே மறுப்பான், நாம் அதைச் சோர்வு என்று நினைத்துக்கொள்வோம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு, கிண்ணத்திலிருந்து வாசலுக்கு என்று அவன் போகிற வழி முழுக்க ரப்பர் பாய் அல்லது யோகா பாய் விரியுங்கள். இடையில் ஒரு அடி வெற்றுத் தரைகூட இருக்கக் கூடாது. பல நாய்கள் பாயின் விளிம்பில் வந்து நின்றுவிடும். பாய் நகராமல் ஓரங்களை ஒட்டிவிடுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விரல் மெத்தைகளுக்கு நடுவே முடி நீண்டு மெத்தையை மூடியிருந்தால் வெட்டிவிடுங்கள். நகங்களையும் கட்டையாக வையுங்கள்.

முன்னங்கால் போனதற்கும் பின்னங்கால் போனதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நாயின் உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அந்தச் சுமையெல்லாம் இனி ராக்கியின் வலது முன்னங்காலுக்கு. அதனால் முன்பக்கமாகச் சாய்ந்து மூக்கு இடிக்கிற மாதிரி விழுவான். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் தண்ணீரையும் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். தலையைக் கீழே தாழ்த்தினால் எடை இன்னும் முன்னால் போகும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவனுக்கு ஆபத்து. இப்போதைக்குப் படிக்கட்டை அடைத்தே வைத்துவிடுங்கள். சோபா, கட்டில் ஏறிக் குதிப்பதும் வேண்டாம்.

தூக்கிவிட, முதுகில் கைப்பிடி உள்ள மார்புப் பட்டை நல்லது, ஆனால் அது தையல் மேல் உரசக் கூடாது. அதுவரை அகலமான துண்டை மார்புக்குக் கீழே கொடுத்துப் பிடிக்கலாம். நீங்கள் அவனைச் சுமக்க வேண்டியதில்லை. விழாமல் இருக்கிற அளவுக்கு மட்டும் தாங்கிப் பிடித்தால் போதும், கால் வேலை செய்யட்டும். நடக்கும்போது மெதுவாகப் போகட்டும் என்று அவனை இழுத்துப் பிடிக்காதீர்கள். முன்னங்கால் இல்லாத நாய்க்கு மெல்ல நடப்பதுதான் சிரமம், கொஞ்சம் வேகத்தோடு தத்துவது எளிது. ஒவ்வொரு தத்தலுக்கும் தலை மேலும் கீழுமாக ஆடும். அது வலியல்ல, அவன் சமநிலை பிடிக்கிற விதம். நாலு தத்தலுக்கு அப்புறம் படுத்துவிடுகிறான் என்கிறீர்களே, இந்த நாலாம் நாளில் அது போதும். வெளிக்குப் போகிற ஐந்து நிமிட நடை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதல் மூன்று நான்கு வாரத்துக்கு அவ்வளவுதான். காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்க முயன்று தடுமாறினால் இடுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், குந்தியோ நின்றபடியோ போகத் தானாகக் கற்றுக்கொள்வான்.

காயத்தைத் தினமும் இரண்டு தடவை பாருங்கள். சுற்றிலும் ஊதா நிறத்தில் கன்றிப்போவதும், தையலுக்குக் கீழே மார்பின் ஓரத்தில் மெத்தென்று நீர் தொங்குவதும் சகஜம், தானாக வற்றும். அதை ஊசியால் குத்தி எடுக்க யாரையும் விடாதீர்கள், கிருமி உள்ளே போக அதுவே வழியாகிவிடும். அந்த இடம் சூடாகிச் சிவந்தால், நாறினால், தையல் விட்டால், ஈறு வெளுத்தால், உடல் சூடு 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே காட்ட வேண்டும். கழுத்தில் மாட்டிய கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். ராத்திரி ஒரே நேரத்தில் மொத்தத் தையலையும் நக்கிப் பிரித்துவிடும் நாய்கள் உண்டு.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் உங்கள் விரல்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ராக்கி நிம்மதியாகப் படுத்திருக்கும்போது வலது தோளுக்கு மேலே, கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் மெல்ல விரலால் தடவிப் பாருங்கள். கயிறு போல இறுகிய தசை தட்டுப்படும். மூன்று கால் வேலையின் பாரம் அங்கேதான் சேர்கிறது. வெதுவெதுப்பான துணியைப் பத்து நிமிடம் வைத்து, உள்ளங்கையால் நீவிவிடுங்கள். காலையில் எழுந்திருக்கச் சிரமப்படுகிறவன் இதற்கப்புறம் எழுவதை நீங்களே பார்ப்பீர்கள். பின்னங்காலைத் தூக்கிக் காதைச் சொறிய அவன் இப்போதைக்குத் தடுமாறலாம். அந்தக் காதைத் தினம் நீங்கள் சொறிந்துவிடுங்கள், அவ்வளவு சுகம் வேறெதிலும் கிடைக்காது அவனுக்கு.

எடை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். விலா எலும்பு கைக்கு எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். ராக்கிக்கு அப்படி இல்லையென்றால், பசி திரும்பியதும் அளந்து போடுங்கள். பரிதாபத்தில் ஊட்டுகிற ஒவ்வொரு பிடியும் அந்த ஒற்றை முன்னங்காலில்தான் இறங்கும். பெரிய ஜாதி நாய், எட்டு வயது என்றால் மூட்டுத் தேய்மானம் ஏற்கெனவே இருக்க வாய்ப்புண்டு.

நோயைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்டுபிடிக்கும் நாளில் எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாகத் தெரிந்தாலும், 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களில் இந்தப் புற்று கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏற்கெனவே பரவியிருக்கும். காலை எடுத்தது வலியைத் தீர்த்தது, நோயை முழுக்கத் தீர்க்கவில்லை. அறுவை சிகிச்சை மட்டும் என்றால் பாதி நாய்கள் நான்கைந்து மாதத்தைத் தாண்டுகின்றன. கீமோவும் சேர்த்தால் அது சுமார் 10 முதல் 12 மாதமாக நீள்கிறது, ஐந்தில் ஒன்று இரண்டு வருடம் வரைகூட இருக்கிறது. இவை சராசரிக் கணக்குகள், ராக்கியின் நாள் கணக்கு அல்ல.

கீமோ என்றதும் மனிதர்கள் படும் பாடு நினைவுக்கு வரும். நாய்களுக்குக் கொடுப்பது அவை நன்றாக வாழ்வதற்கான அளவில்தான். பொதுவாக கார்போபிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நாலு முதல் ஆறு தடவை. பெரும்பாலான நாய்களுக்கு ஓரிரு நாள் மந்தமும் லேசான வயிற்றுக் கோளாறும்தான் வரும். ராட்வைலர் போன்ற ஜாதிகளுக்கு முடி கொட்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று இரண்டு வாரம் கழித்து வெள்ளையணுக்கள் இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சலோ திடீர்ச் சோர்வோ வந்தால் அவசரமாகக் கொண்டுபோக வேண்டும். ஊசி போட்ட முதல் மூன்று நாள் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டு அள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அதைத் தொட வேண்டாம். பச்சை இறைச்சி இந்தக் காலம் முழுக்க வேண்டாம்.

கீமோ வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது அவனைக் கைவிடுவதாகாது. வயது, மற்ற நோய்கள், வீட்டின் சக்தி, அவன் மருத்துவமனைக்கு எவ்வளவு பயப்படுகிறான் என்பதெல்லாம் சேர்ந்த முடிவு அது. அவனுக்குக் கிடைக்கிற மாதங்கள் வலியில்லாத மாதங்களாக இருப்பதற்கான வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது.

தையல் பிரிக்கப் போகும்போது டாக்டரிடம் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த எலும்பின் திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா? எல்லா எலும்புப் புற்றும் ஒன்றல்ல. கான்ட்ரோசார்கோமா என்று வந்தால் அது மெதுவாகப் பரவும், கணக்கே மாறிவிடும். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்கிற நொதியின் அளவு என்ன? அது கூடுதலாக இருந்தால் நோய் வேகமாகப் போக வாய்ப்பு அதிகம். கீமோ என்றால் எந்தத் தேதியில் தொடங்குவது? தாமதிக்காமல், வழக்கமாகக் காயம் ஆறியதுமே தொடங்குவார்கள். மார்பு எக்ஸ்ரே எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது வழக்கம், ஏனென்றால் நுரையீரலில் பரவினாலும் இருமல் வருவது மிகத் தாமதமாகத்தான். பின்னாளில் என்றைக்காவது மற்றொரு காலை நொண்டினால் சுளுக்கு என்று எண்ணி வாரக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் அந்தக் காலுக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.