பி.ஆர்.பி. ஊசி போட்டும் முழங்கால் வலி தீரவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் மூட்டுத் தேய்மானம். ‘அவங்க ரத்தத்திலிருந்தே எடுக்கிற பி.ஆர்.பி. ஊசி மூன்று போட்டால் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும், ஆபரேஷனே வேண்டாம்’ என்று ஒரு கிளினிக்கில் சொல்லி, 90,000 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இரண்டு ஊசி போட்டு ஐந்து மாதமாகியும் வலி அப்படியே இருக்கிறது. வேறொரு டாக்டர் பழைய எக்ஸ்ரேயைப் பார்த்து, ‘இது நான்காம் நிலைத் தேய்மானம், இந்த ஊசி கேட்காது’ என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ‘வலி குறையவில்லை’ என்பதை மட்டும் வைத்துப் போட்டால் நிற்காது. சிகிச்சை பலிக்காமல் போனதாலேயே டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஊசி போடும் முன் அம்மாவிடம் என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது.

சமீரா கோலி வழக்கின் (2008) தீர்ப்புப்படி, சிகிச்சையின் தன்மை, பலன், முக்கிய ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதுதான் சம்மதம். அம்மா கையெழுத்திட்ட படிவத்தைத் தேடி எடுங்கள். தேய்மானத்தின் நிலை அதில் எழுதியிருக்கிறதா? மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? அச்சடித்த தாளில் பெயரும் தேதியும் மட்டும் நிரப்பியிருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

‘ஜவ்வு வளரும்’ என்ற வாக்குறுதிதான் அவர்களுடைய பலவீனமான இடம். நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவதே பி.ஆர்.பி. ஆரம்ப, நடுத்தரத் தேய்மானத்தில் சிலருக்குச் சில மாதம் வலி தணிகிறது. ஆனால் அத்தகைய மூட்டுகளிலேயே, 288 பேரிடம் நடந்து 2021-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 12 மாத முடிவில் வலியிலும் சரி, ஜவ்வின் அளவிலும் சரி, மருந்தே இல்லாத வெறும் உப்புநீர் ஊசியைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலைக்கு இப்படி உறுதி கொடுத்தது எப்படி என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்ட கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கின் வாட்ஸ்அப் செய்தியையும் விளம்பரத்தையும் வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். மின்னணு ஆவணங்களுக்கான, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்று அவற்றோடு வேண்டும். அந்த ஃபோனை விற்றுவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடம் நிலையைக் குறிப்பிட்டு எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

முதலில் நோட்டீஸ். போடாத மூன்றாவது ஊசிக்கான தொகையைத் தனியாகக் கேளுங்கள். கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு நியாயம் இல்லை. மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. முதல் ஊசி போட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ‘மிச்ச ஊசியையும் போட்டுப் பார்க்கலாம், வாருங்கள்’ என்று சமாதானம் பேசினால், உங்கள் எலும்பு மூட்டு டாக்டரைக் கேட்காமல் அம்மாவை அனுப்பாதீர்கள்.