8 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள்: 120 ஹெர்ட்ஸில் திரை கறுப்பது ஏன்?

வணக்கம் நண்பரே. 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் வேகம்) பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி நன்றாக ஓடுகிறது, 120 வைத்தால் மட்டும் திரை இரண்டு நொடி கறுத்து மீள்கிறது, கேபிள் சுவர் பைப்புக்குள் 8 மீட்டர், தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். டிவியைச் சர்வீசுக்குக் கொடுத்துவிடாதீர்கள், எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம்.

முதலில் பெட்டியை டிவி பக்கத்தில் வைத்து, அதோடு வந்த குட்டிக் கேபிளைச் செருகிப் பாருங்கள். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் 120-ஐ ஏற்காது. "4கே 120" என்று அச்சிட்டிருப்பதில் செருகுங்கள். கறுப்பு நின்றுவிட்டால் குற்றவாளி சுவருக்குள் இருக்கிறது.

4கே (மிகத் தெளிவான படத் தரம்) 60-க்கு, நொடிக்கு 18 ஜிகாபிட் தரவு கடத்தும் கேபிள் போதும். 120-க்கு அது தாங்காது. 48 ஜிகாபிட்டுக்கான "அல்ட்ரா ஹைஸ்பீடு" வேண்டும். அட்டையில் க்யூஆர் கோடுடன் சான்று லேபிள் இருக்கும், ஸ்கேன் செய்து பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் சொன்ன தங்க முலாம் துரு பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். படத்தைத் தெளிவாக்காது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் 8 மீட்டருக்குச் செம்புக் கேபிள் இந்த வேகத்தில் நம்பகமில்லை. ஆப்டிகல் எச்டிஎம்ஐ, அதாவது செம்புக்குப் பதில் ஒளியிழை வழியே சிக்னல் அனுப்பும் கேபிள் வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: "சோர்ஸ்" முனை பெட்டிக்கு, "டிஸ்ப்ளே" முனை டிவிக்கு. எங்கள் வீட்டில் மாற்றி இழுத்துவிட்டு, முழுக்க உருவி மறுபடி இழுத்தோம். பைப்பில் விடுமுன் தரையிலேயே விரித்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மூலைகளில் மடக்காமல், வளைத்தே இழுங்கள்.