பிக்மி பதிவை மகன் ஏற்றினால் என்ன?

கேள்வி: பகுதி சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். என் மேற்பார்வையில் உள்ள இரண்டு கிராம சுகாதார செவிலியர்கள் ஐம்பதைக் கடந்தவர்கள். கர்ப்பிணிகளின் விவரத்தை நோட்டில் எழுதிவந்து, இரவில் மகனிடமோ மகளிடமோ கொடுத்து, கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியில் ஏற்றுகிறார்கள். வட்டார அளவில் ஒருநாள் பயிற்சி கொடுத்தும் மாறவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அவர்கள் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்த வயதில் வெள்ளெழுத்து சகஜம். ‘எனக்கு இதெல்லாம் வராதுங்க’ என்பவர் பல சமயம் திரையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் தடுமாறுபவராக இருப்பார். கண்ணாடி வாங்கட்டும்; போனில் எழுத்தின் அளவையும் கூட்டிக் கொடுங்கள்.

மகன் வேகமாகத் தட்டச்சு செய்வான், ஆனால் தப்பு அவன் கண்ணில் படாது. நோட்டில் கடைசி மாதவிடாய் தேதி 5/3 என்று இருப்பதை அவன் மே 3 என்று ஏற்றிவிட்டால் 59 நாள் தள்ளிப்போகிறது. டிசம்பர் 12-ல் பிரசவமாக வேண்டியவருக்குத் திரை பிப்ரவரி 10 என்று காட்டும். 36 வாரம் ஆனவர் 28 வாரம்கூட ஆகாதவராக நிற்பார். அந்த மாதப் பிரசவப் பட்டியலில் பெயரே வராது. ஹீமோகுளோபின் 6.8 என்பது 8.6 ஆனாலும் அப்படித்தான்: 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை, உடனே மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர். வயிற்றைத் தொட்டுப் பார்த்த செவிலியர் திரையைப் பார்த்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார். போதாததற்கு, கர்ப்பிணியின் ஆதார் எண்ணும் உடல்நிலையும் வெளியாள் கையில் போவது முறையல்ல. பாஸ்வேர்டைப் பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

ஹாலில் புரொஜெக்டர் போட்டு நடத்தும் பயிற்சியில் போனைத் தொடுபவர் பயிற்சியாளர் மட்டும்தான். அதை விடுங்கள். செவ்வாய் ஏ.என். கிளினிக் (கர்ப்பிணிகள் பரிசோதனை), புதன் தடுப்பூசி. வியாழன் மதியம் அவர்கள் துணை சுகாதார நிலையத்துக்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போன் அவர்கள் கையில், உங்கள் கை மடியில். ‘கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்’ என்ற பேச்சே வரக்கூடாது.

முதல் வாரம் புதுப் பதிவு மட்டும். ஏற்றும் முன் ‘ஏற்கெனவே பிக்மி எண் வாங்கியிருக்கீங்களாம்மா?’ என்று கேட்டு, தாய் சேய் நல அட்டையைப் பார்த்துத் தேடுவதைப் பழக்குங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவருக்கு இன்னொரு எண் போடுவதால்தான் இரட்டைப் பதிவு வருகிறது; மகப்பேறு நிதியுதவியும் பிறப்புச் சான்றிதழும் இழுபடுவது அதனால்தான். கைபேசி எண் கேட்கும் இடத்தில் செவிலியர் தன் எண்ணைப் போடும் பழக்கமும் உண்டு. அதையும் நிறுத்துங்கள்.

கடைசி மாதவிடாய் தேதியைப் போட்டதும் மனக்கணக்காக அதோடு 7 நாள் கூட்டி, 3 மாதத்தைக் குறைத்து, திரையில் வரும் பிரசவத் தேதியோடு ஒப்பிடட்டும். இந்தக் கணக்கு அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தைரியமும் இங்கிருந்துதான் வரும்.

அடுத்த இரு வாரங்கள் பரிசோதனைப் பதிவுகளும் திருத்தமும். திருத்தத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் பெரும் குறை. தப்பாக அழுத்தினால் கெட்டுப்போகுமோ என்ற பயம் அதில்தான் தீரும். எதைத் தானே திருத்தலாம், எதை வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் எந்தப் பயிற்சியும் உதவாது. அதை வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

நான்காம் வாரம் ஐந்து அட்டைகளை எடுத்து மாதவிடாய் தேதி, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், கைபேசி எண் நான்கையும் திரையோடு ஒப்பிடுங்கள். இருபதில் இரண்டுக்கு மேல் தப்பாக இருந்தால், எந்தக் கட்டத்தில் தப்பு வந்ததோ அதை மட்டும் மறுபடி நடத்துங்கள்.