மழை பொய்த்து, ஊரை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பம் எப்படித் தாக்குப் பிடிக்கிறது? உங்கள் வீட்டில் அப்படி நடந்ததுண்டா?

உண்டு. 2003 சித்திரையில் மூலனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து திருப்பூருக்கு வந்தோம். எனக்கு 11 வயது, அக்காவுக்கு 14.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் கம்பு, கொள்ளு. மற்ற நாளில் அப்பா பெரிய தோட்டங்களில் கூலிக்குப் போவார். மூன்று வருசமாக மழை சரியில்லை. தோட்டக்காரர்களே 800 அடி போர் போட்டுப் புகை பார்த்துக்கொண்டிருந்தபோது கூலிக்காரனுக்கு என்ன வேலை இருக்கும்? 100 நாள் வேலையெல்லாம் அப்போது கிடையாது. அதற்குச் சட்டம் வந்ததே 2005-ல்தான்.

கடைசியாக மிஞ்சியவை 9 வெள்ளாடுகள். கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனால், சுற்றுவட்டாரமே ஆட்டை விற்க வந்திருந்தது. மேய்க்கக் கொறங்காட்டில் புல் இல்லாதபோது வாங்க யார் வருவார்கள்? வியாபாரி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துச் சொன்ன விலையைக் கேட்டு அப்பா ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கொடுத்துவிட்டார். அந்தப் பணம்தான் திருப்பூரில் வீட்டு அட்வான்ஸ் ஆனது.

வீடு என்றால் லைன் வீடு. வரிசையாக எட்டுக் குடும்பம், இரண்டு கக்கூஸ், ஒரு உப்புத் தண்ணீர்க் குழாய். நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், சில சமயம் பத்து நாள் ஆகும். வீட்டுக்கு 12 குடம் என்று வீட்டுக்காரம்மா கணக்கு வைத்திருந்தார். பதின்மூன்றாவது குடத்துக்கு நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் பதிலாகிவிடும். தேனி, திண்டுக்கல், தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு ஊர். எங்கள் 'ஏனுங்க' அவர்களுக்குச் சிரிப்பு, அவர்கள் பேச்சு எங்களுக்குச் சண்டை மாதிரி. ஆறு மாதத்தில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

வேலை கிடைப்பது கஷ்டமாக இல்லை. கம்பெனி வாசலிலெல்லாம் 'டெய்லர், கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும். அம்மா கைமடிக்குச் சேர்ந்தார். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கும் வேலை. காலை எட்டரைக்குப் போய் சாயங்காலம் வந்தால் ஒரு ஷிப்டு, ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. அம்மா ஒன்றரைக்குக் குறைந்து வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா சாயப்பட்டறைக்குப் போனார்.

சரி, இருவருக்கும் சம்பளம் வந்தும் ஏன் திண்டாடினோம்? ரேஷன் கார்டு. அது ஊரில் இருந்தது. முகவரி மாற்ற வீட்டுக்காரம்மாவிடம் ஏதாவது காகிதம் வாங்க வேண்டும். அவரோ கரண்டு பில்லைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார், வரி கூடிவிடும் என்று பயம். அதனால் மாதம் ஒருமுறை அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தாராபுரம் போய் பஸ் மாறி ஊருக்குப் போவார். கிலோ 3.50 ரேஷன் அரிசியை ஒரு பையிலும் மண்ணெண்ணெய்யை ஒரு கேனிலும் தூக்கிக்கொண்டு திரும்புவார். போன கூலியையும் பஸ் காசையும் கழித்தால் மிச்சம் சொற்பம்தான். ஆனாலும் போனார். "கார்டு ஓடிட்டே இருக்கோணும் கண்ணு, நின்னுருச்சுன்னா நாம அந்த ஊர்க்காரங்களும் இல்ல, இந்த ஊர்க்காரங்களும் இல்ல" என்பார். மூன்று வருசம் கழித்துத்தான் கார்டு மாறியது. இப்போது எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு இருந்திருந்தால் அம்மாவின் வலது தோள் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது, வாரத் தவணை. ஆயிரம் என்று எழுதிக்கொண்டு 850 கையில் கொடுப்பார்கள், பத்து வாரம் நூறு நூறாகக் கட்ட வேண்டும். சம்பளம் சனிக்கிழமை ராத்திரி வரும், ஞாயிறு காலையில் டிவிஎஸ் 50 சத்தம் வாசலில் கேட்கும். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது முதல் தவணை எடுத்தோம். அதை அடைக்க இரண்டாவது. அப்புறம் எண்ணிக்கை போய்விட்டது. எங்களை நிஜமாகவே காப்பாற்றியது மளிகைக்கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு. வட்டி இல்லாமல் அரிசி பருப்பு கொடுத்த ஒரே ஆள் அவர்தான். விலை ஒன்றிரண்டு ரூபாய் கூட இருக்கும், அம்மாவுக்கு அது தெரியும்.

மத்தியானம் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு. அக்கா பத்தாவது முடித்ததும் செக்கிங்குக்குப் போய்விட்டாள். "நீ படி" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, "நீ போகாதே" என்று யாரும் அவளிடமும் சொன்னதில்லை. அவள் 437 மார்க் வாங்கியிருந்தாள். என்னுடையதைவிட அதிகம்.

இப்போது அப்பா வேலையைப் பற்றி. சாயம் துணியில் பிடிக்க உப்பு போட வேண்டும், சாதாரண உப்பு, மூட்டை மூட்டையாக. அப்பாவுக்கு ஆரம்பத்தில் உப்பு மூட்டை தூக்கும் வேலை, அப்புறம் துணியைச் சாயத் தண்ணீரில் சுற்றவிடும் விஞ்ச் மிஷினில். ஒரு நாள் கை நீலமாக வரும், ஒரு நாள் சிவப்பாக. கையைக் கழுவி விட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் நகக்கண்ணில் போன வாரத்து நிறம் நிற்கும். திருப்பூர் நிலத்தடி நீர் கெட்டுப்போய், பட்டறைகளுக்குச் சுற்றுப்புற ஊர்க் கிணறுகளிலிருந்து லாரியில்தான் தண்ணீர் வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்து அப்பா, "நம்மூர்ல குடிக்கத் தண்ணி இல்ல, இங்க துணிக்கு லாரில நல்ல தண்ணி வருது" என்றார். அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

சாயம் போட்டு முடிந்ததும் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நொய்யல், திருப்பூரைத் தாண்டி ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகிறது. பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த அணை அது. சில வருசங்களிலேயே சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. அம்மா பிறந்த ஊர் அந்த அணைக்குக் கீழே. எங்கள் மாமாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை மட்டை மஞ்சளாகி, எருமை குடிக்க மறுத்தது. பொங்கலுக்கு வரும்போது மாமா அப்பாவின் நகத்தைப் பார்ப்பார். பேச்சு அங்கே போகாமல் அம்மா சோறு போடுவார்.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அன்று சாயங்காலம் அப்பா சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பி வந்தார். ராத்திரி மாமா போனில் கூப்பிட்டு, சந்தோசத்தில், "இனிமேலாச்சும் கெணத்துல நல்ல தண்ணி வருங்க மச்சா" என்றார். அப்பா, "ஆமாங்க மாப்பள, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இந்தத் தீர்ப்பு தப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்குப் பசித்தது எங்களுக்கு. முதலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, விவசாயிகளுக்கும் சங்கம் இருந்தது. விஞ்ச் மிஷின்காரனுக்கு அந்த வார சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது, அதுவும் வரவில்லை. எட்டு மாதம் அம்மாவின் ஒன்றரை ஷிப்டில் ஓடியது. கல்யாணமாகிப் போயிருந்த அக்கா, புருசனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினாள்.

பிறகு பட்டறைகள் சுத்திகரிப்பு நிலையங்களோடு ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பா திரும்பிப் போகவில்லை. ஒரு மில்லில் இரண்டு வருசம் வாட்ச்மேன், அப்புறம் ஊருக்கே போய்விட்டார். இப்போது 14 ஆடு வைத்திருக்கிறார். அம்மா என்னோடு திருப்பூரில் இருக்கிறார், கைமடியை விட்டு நான்கு வருசமாகிறது. நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையர்கள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' பேப்பர், அதாவது சாயக்கழிவை வெளியே விடவில்லை என்பதற்கான அத்தாட்சி கேட்டு மெயில் போடும்போதெல்லாம் அப்பாவின் நகம் ஞாபகம் வரும்.

போன வருசம் அப்பாவை மாமா தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வைத்த தென்னையிலிருந்து மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் ஒரு வாய் குடித்தேன், லேசாக உப்புக் கரித்தது. எப்படி இருக்கிறது என்று மாமா அப்பாவைத்தான் கேட்டார். அப்பா அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னொண்ணு வெட்டுங்க மாப்பள" என்றார்.